கோச்சை மாற்றச் சொல்லும் நண்பர்களுக்கு

அன்புள்ள கால்பந்து நண்பர்களே,

சென்னை நேரு ஸ்டேடியம் கேலரியில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு தொண்டை கட்டக் கத்துகிறவர்களுக்கும், ஐரோப்பிய லீக் ஆட்டத்துக்காக நடுநிசி தாண்டியும் டிவி முன்னால் கண்விழித்திருப்பவர்களுக்கும், வியாசர்பாடி மைதானத்தில் சாயங்காலம் தவறாமல் பூட்ஸ் கட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

நம் அணி வரிசையாக நாலு ஆட்டம் தோற்றால் நம் வாயில் முதலில் வருவது, ‘கோச்சை மாத்து’. அவர் பல வருஷமாக அங்கேயே இருப்பவர் என்றால் கோபம் இரட்டிப்பாகிறது. ‘இவர் காலம் முடிஞ்சுது, இன்னும் பழைய ஆட்டத்தையே ஆடிக்கிட்டிருக்கார்’ என்கிறோம். இன்னொரு பக்கம், ‘இத்தனை செஞ்ச மனுஷனை இப்படியா அனுப்புறது’ என்று உருகுகிறவர்களும் நம்மிடையே உண்டு. இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று ஏசிக்கொள்வதிலேயே சீசன் தீர்ந்துபோகிறது. நானும் இந்தச் சண்டைகளில் கலந்துகொண்டவன்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுமாறும் அணி தன் நெடுநாள் பயிற்சியாளரைச் சீசன் நடுவில் துரத்தக் கூடாது. அதே அணி, ஒரு கோப்பை கைக்கு வந்த மகிழ்ச்சியில் அவருக்குப் புது ஒப்பந்தமும் நீட்டக் கூடாது. கோபத்தில் எடுக்கும் முடிவைப் பற்றி எச்சரிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நன்றிக்கடனாக எடுக்கும் முடிவும் ஒரு கிளப்பை அதே அளவுக்குக் கெடுக்கும் என்பதை நாம் பேசுவதே இல்லை. இந்த மடலின் பாதி அதற்காகத்தான்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். என் கட்சிக்கு எதிரான மிக வலுவான சாட்சி நம் சென்னையின் எஃப்சிதான். ஜான் கிரிகோரியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச்சில், பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு எஃப்சியை அவர்கள் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்தி ஐஎஸ்எல் கோப்பையைக் கொண்டுவந்தவர். அடுத்த சீசனிலேயே அணி அதலபாதாளத்துக்குப் போனது. 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பத்து அணிகளில் கடைசி இடம். அப்படியும் கிளப் அவரை வைத்துக்கொண்டது. 2019-20 சீசனில் முதல் நாலு ஆட்டத்தில் நம் பையன்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஆறு ஆட்டத்துக்கு 5 புள்ளி என்ற நிலையில் கிரிகோரி விலகினார், ஓவன் கோய்ல் வந்தார். அதே ஆட்டக்காரர்கள். அதே வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்தே, தாபா. மீதி 12 லீக் ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்து நாலாவது இடம் பிடித்தார்கள். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, கொரோனாவால் ஆளில்லாத ஃபதோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அங்கே ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றதுகூட அந்த ஓட்டத்தின் மகிமையைக் குறைக்கவில்லை.

‘பாத்தியா, கோச்சை மாத்தினதும் என்ன ஆச்சுன்னு’ என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். கோய்ல் அந்த சீசன் முடிந்ததும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார், 2021-22இல் அங்கே லீக் ஷீல்டையும் வென்றுகொடுத்தார். நாம்? சாபா லாஸ்லோ வந்தார், எட்டாவது இடம். அவர் போய் போஷிடார் பாண்டோவிச் வந்தார், அவரும் சீசன் முடியும் முன்பே வெளியேற்றப்பட்டார், மறுபடி எட்டாவது இடம். தாமஸ் ப்ரதாரிச் வந்தார், மூன்றாம் முறையும் எட்டாவது இடம். மூன்று சீசனுக்கு மூன்று பேர், மூன்று விதமான ஆட்டமுறை, ஒரே இடம். கோச்சை மாற்றுவதால் மட்டும் அணி மாறும் என்றால் இது எப்படி நடந்தது?

கிரிகோரி விஷயத்தில் கிளப் எங்கே சறுக்கியது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கேள்வி எழவேண்டிய நேரம் 2019 கோடை. கடைசி இடம் வந்த பிறகு, கையில் பல மாதம் இருந்தபோது, மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இந்த மனிதரால் இந்த அணியை மறுபடி கட்ட முடியுமா என்று கேட்டிருக்க வேண்டும். முடியும் என்று முடிவெடுத்திருந்தால் ஆறு ஆட்டத்தில் அந்த நம்பிக்கை கரைந்திருக்கக் கூடாது. முடியாது என்று தெரிந்திருந்தால் கோடையிலேயே கைகுலுக்கி அனுப்பியிருக்க வேண்டும். பாதி மனசோடு வைத்துக்கொள்வது, அனுப்புவதைவிட மோசம். அது பயிற்சியாளரையும் வதைக்கும், ஆட்டக்காரர்களையும் வதைக்கும். டிரெஸ்ஸிங் ரூமில் இருப்பவர்களுக்கு, இந்த ஆள் தீபாவளி வரை தாங்குவாரா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அதன்பிறகு அவர் சொல்லுக்கு மதிப்பே இருக்காது.

புது கோச் வந்ததும் அணி எழுந்து உட்காருவது பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நெதர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் அதன்பின் மேலே வந்தது உண்மைதான். ஆனால் அதே மாதிரிச் சரிந்தும் பயிற்சியாளரை நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் மேலே வந்திருந்தன. ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் கதைதான். அணி அதன் மிகத் தாழ்ந்த புள்ளியைத் தொடும்போதுதான் நாம் ஆளை மாற்றுகிறோம். அதற்குக் கீழே போக இடமில்லாததால் மேலே வருகிறது. பெயர் புது ஆளுக்குப் போய்விடுகிறது. கோய்லுக்கு இது முழுக்கப் பொருந்தாது, அவர் உண்மையிலேயே அந்த அணியை ஓடவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கோய்ல் வருவார் என்று நம்பி ஒரு கிளப்பை நடத்த முடியாது.

இப்போது உங்களை ஜெர்மனிக்குக் கூட்டிப்போகிறேன். ஃப்ரைபுர்க், பிளாக் ஃபாரஸ்ட் மலைக்காட்டின் ஓரத்தில் இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். அங்குள்ள எஸ்சி ஃப்ரைபுர்க் கிளப்பின் பழைய மைதானம் ட்ரைஸாம் ஸ்டேடியம். அதன் ஆடுகளம் விதிமுறை நீளத்தைவிடச் சில மீட்டர் குறைவு. போதாக்குறைக்கு ஒரு கோலிலிருந்து இன்னொரு கோலுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் சரிவு. சிறப்பு அனுமதி வாங்கித்தான் அங்கே முதல் பிரிவு ஆட்டமே நடந்தது. கூரையில் சூரியத் தகடுகள் இருந்தன. பெரிய பணக்காரர் யாரும் பின்னால் இல்லை. உறுப்பினர்களின் சங்கமாகவே இன்றுவரை நடக்கும் கிளப் அது.

1991இல் அங்கே வந்தவர் ஃபோல்கர் ஃபின்க்கே. 16 வருஷம் இருந்தார். அந்த 16 வருஷத்தில் அணி பண்டெஸ்லிகாவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு மூன்று முறை கீழே இறங்கியது: 1997, 2002, 2005. நம்மூரில் ஒரு முறை இறங்கினாலே அந்த கோச்சின் உருவபொம்மை எரிந்திருக்கும். அவர்கள் ஒவ்வொரு முறையும் அவரையே வைத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு முறை, இறங்கிய அடுத்த வருஷமே அணி திரும்பி மேலே ஏறிவிட்டது. நடுவில், 1995இல், பண்டெஸ்லிகாவில் மூன்றாவது இடம் வந்தது. 2001இல் இளைஞர்களுக்கான கால்பந்துப் பள்ளியும் திறந்தார்கள். பெரிய கிளப்புகளோடு பணத்தில் போட்டி போட முடியாத ஊர், ஆட்டக்காரர்களைத் தானே வளர்ப்பது என்று முடிவெடுத்ததன் விளைவு அது.

2005இல் மூன்றாம் முறை இறங்கியபோது ஏற முடியவில்லை. 2006 இலையுதிர்காலத்தில் இரண்டாம் பிரிவிலேயே அணி கீழ்ப்பகுதியில் தத்தளித்தது. அப்போதுதான் நிர்வாகம் பொறுமை இழந்தது. சீசன் முடிவில் ஃபின்க்கே விலகுவார் என்று டிசம்பரில் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே பாருங்கள். சீசனின் இரண்டாம் பாதியில் அவர் அணி வெறிகொண்டு ஆடியது. கடைசியில் டூயிஸ்பர்க்கும் ஃப்ரைபுர்க்கும் 60 புள்ளியோடு சமமாக நின்றன. கோல் வித்தியாசத்தில் டூயிஸ்பர்க் மேலே ஏறியது, ஃப்ரைபுர்க் அங்கேயே நின்றது. ரசிகர்கள் ‘நாங்கள்தான் ஃபின்க்கே’ என்று ஒரு இயக்கமே தொடங்கிப் போராடினார்கள். பயனில்லை. அறிவித்தது அறிவித்ததுதான். ஊர் இரண்டுபட்டது.

டிசம்பரின் எரிச்சலில் எடுத்த முடிவு மே மாதத்தில் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 16 வருஷம் இருந்த ஒருவர் போகவேண்டிய காலம் வந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அதைக் குளிர்காலத்தில், தோல்விகளுக்கு நடுவில், அவசரமாகச் சொன்னதால்தான் ஆட்களின் மனசில் ஆறாத காயம் விழுந்தது.

அந்தக் கிளப் இதிலிருந்து பாடம் கற்றது என்று நான் நினைக்கக் காரணம், அடுத்து வந்த கதை. கிறிஸ்டியான் ஷ்ட்ரைஷ், ஃபின்க்கே காலத்திலேயே 1995 முதல் அந்தக் கிளப்பின் இளையோர் அணிகளோடு கிடந்தவர். கசாப்புக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. சைக்கிளில்தான் மைதானத்துக்கு வருவார். 2011 டிசம்பர் கடைசியில், அணி பண்டெஸ்லிகாவின் அடியில் கிடந்தபோது, அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இங்கே நீங்கள் என்னை மடக்கலாம், இதுவும் சீசன் நடுவில் நடந்த மாற்றம்தானே என்று. ஆமாம். அங்கே நீக்கப்பட்டவர் அந்தப் பொறுப்பில் சில மாதமே இருந்தவர், வந்தவர் 16 வருஷமாக வீட்டுக்குள்ளேயே இருந்தவர். நெடுநாள் ஆளை வைத்திருப்பதன் பலன், அவர் முதல் அணியின் பெஞ்சில் இல்லாதபோதும் கிடைக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அணி பிழைத்தது. 2013இல் ஐந்தாவது இடம். பிறகு 2015. மே 16ஆம் தேதி அதே சரிவான மைதானத்தில் பேயர்ன் மியூனிக்கை, 89ஆவது நிமிஷத்தில் நில்ஸ் பீட்டர்சன் போட்ட கோலில் 2-1 என்று ஜெயித்தார்கள். ஊரே தப்பித்துவிட்டோம் என்று நினைத்தது. ஒரு வாரம் கழித்து ஹனோவரில் கடைசி ஆட்டம். ஒரு டிரா போதும். 2-1 என்று தோற்றார்கள். 34 புள்ளி, 17ஆவது இடம், இரண்டாம் பிரிவு.

அந்த இரவில் ஃப்ரைபுர்க் நிர்வாகிகள் எதைப் பார்த்திருப்பார்கள்? புள்ளிப்பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். ஏழு நாள் முன்பு பேயர்னை வீழ்த்திய அணி தன் பயிற்சியாளரைக் கைவிட்ட அணி இல்லை என்பதை அவர்கள் பார்த்தார்கள். 89ஆவது நிமிஷத்தில் அந்த அணி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஷ்ட்ரைஷ் இருந்தார். கோல்கீப்பர் பியுர்க்கி டார்ட்முண்டுக்கும், மெஹ்மெடி லெவர்குசனுக்கும், டரிடா பெர்லினுக்கும் போனார்கள். அந்தப் பணத்தில் அணி மறுபடி கட்டப்பட்டது. ப்ரேமனிலிருந்து கடனாக வந்திருந்த பீட்டர்சன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கத் தயாராகி அங்கேயே தங்கிவிட்டார். ஒரு ஸ்ட்ரைக்கர் தன் நல்ல வயசில் கீழ்ப்பிரிவில் ஆட ஒப்புக்கொள்கிறார் என்றால், அதைவிட அந்தப் பயிற்சியாளரைப் பற்றி வேறு சான்றிதழ் வேண்டுமா? அடுத்த சீசனில் 72 புள்ளியோடு இரண்டாம் பிரிவின் சாம்பியன். அதற்கடுத்த வருஷம் பண்டெஸ்லிகாவில் ஏழாவது இடம். 2022இல் பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதி, பெனால்டியில்தான் லைப்சிக்கிடம் தோற்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் முடிவுதான். 2024 மார்ச்சில் ஷ்ட்ரைஷ் தானாகவே, இந்த சீசனோடு போதும் என்று சொன்னார். யாரும் பதாகை பிடிக்கவில்லை. அவருக்குக் கீழே கேப்டனாக ஆடிய யூலியான் ஷுஸ்டர் அடுத்த பயிற்சியாளர் ஆனார். முதல் சீசனிலேயே ஐந்தாவது இடம். பன்னிரண்டரை வருஷம் இருந்த ஒருவர் போன பிறகும் அந்த வீடு அசையவில்லை.

இனி லண்டன். உங்களில் பாதிப் பேர் அர்செனல் ரசிகர்கள் என்று தெரியும். வலிக்கிற இடத்தைத்தான் தொடப்போகிறேன்.

ஆர்சன் வெங்கர் 1996இல் வந்து 2018 வரை 22 வருஷம் இருந்தார். மூன்று லீக் பட்டம், ஏழு எஃப்ஏ கோப்பை. 2003-04 சீசனில் 38 ஆட்டத்தில் 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே இல்லை. இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வருவது இரண்டு தேதிகளைப் பற்றி.

2014 மார்ச் 22. வெங்கரின் ஆயிரமாவது ஆட்டம், செல்சியிடம் 6-0. அர்செனல் ஒன்பது வருஷமாக ஒரு கோப்பையும் தொடவில்லை. ‘போதும்’ என்ற குரல் உச்சத்தில் இருந்தது. மே 17ஆம் தேதி வெம்ப்ளியில் ஹல் சிட்டியிடம் 2-0 என்று பின்தங்கி, பிறகு 3-2 என்று எஃப்ஏ கோப்பையை வென்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மூன்று வருஷ ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது.

2017. சாம்பியன்ஸ் லீக்கில் பேயர்னிடம் அங்கே 5-1, இங்கே 5-1. மார்ச்சில் வெஸ்ட் ப்ரோம் மைதானத்துக்கு மேலே இரண்டு விமானம் பறந்தது, ஒன்று வெங்கர் போகட்டும் என்ற வாசகத்தோடு, இன்னொன்று அவரை ஆதரித்து. ரசிகர்களின் சண்டை ஆகாயத்துக்கே போய்விட்டது. அவர் காலத்தில் முதல்முறையாக அணி முதல் நாலு இடத்துக்கு வெளியே, ஐந்தாவதாக முடித்தது. மே 27ஆம் தேதி எஃப்ஏ கோப்பை இறுதியில் செல்சியை 2-1 என்று வென்றார்கள். மே 31ஆம் தேதி இரண்டு வருஷ ஒப்பந்தம்.

இரண்டு முறையும், ஒரு சனிக்கிழமை மாலை வெம்ப்ளியில் கிடைத்த ஆனந்தத்தின் சூடு ஆறும் முன் கையெழுத்தாகிவிட்டது. பேச்சுவார்த்தை முன்பே நடந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறிவிக்கும் துணிச்சலைக் கொடுத்தது கோப்பைதான். கோப்பை ஆட்டம் என்பது ஆறேழு ஆட்டம். லீக் என்பது 38. எதை வைத்து ஒருவரை எடைபோட வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூட டீம் மாஸ்டருக்குக்கூடத் தெரியும்.

அதன் பலன் 2018 மார்ச் 1ஆம் தேதி இரவு தெரிந்தது. லண்டனில் பனி. எமிரேட்ஸில் மான்செஸ்டர் சிட்டி 33 நிமிஷத்துக்குள் மூன்று கோல் போட்டுவிட்டது. நாலு நாள் முன்புதான் லீக் கோப்பை இறுதியில் அதே சிட்டியிடம் அதே 3-0. டிவியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். காமிரா பந்தைத் துரத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால் சிவப்பு நாற்காலிகள், வரிசை வரிசையாக, காலி. பனியும் ஒரு காரணம்தான். ஆனால் வரமுடிந்தவர்களிலும் பலருக்கு வர மனசில்லை. கத்தித் தீர்க்கிற ரசிகனைவிட வராமல் இருந்துவிடுகிற ரசிகன் ஒரு கிளப்புக்கு ஆபத்து. ஏப்ரல் 20ஆம் தேதி வெங்கர் விலகல் அறிவிக்கப்பட்டது, ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் மீதி இருக்கும்போதே. அணி ஆறாவதாக முடித்தது.

இதில் வெங்கரை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியாது. அவரோடு தோளுக்குத் தோள் நின்று ஆட்டக்காரர்களை வாங்கிக்கொடுத்த துணைத் தலைவர் டேவிட் டீன் 2007 ஏப்ரலில் வெளியேறினார். அந்த இடத்தைப் பத்து வருஷம் கிளப் நிரப்பவே இல்லை. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம், பயிற்சி மைதானம் எப்படி இருக்க வேண்டும், எல்லாம் ஒரே தலையில். கால்பந்து இயக்குநர் என்று ஒரு பதவி வேண்டுமா என்று 2017இல் கேட்டபோது வெங்கர் அந்த யோசனையையே ஏற்கவில்லை. எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய மனிதரும் தேய்ந்துதான் போவார். அவர் போனபோது அந்தப் பாரம் முழுக்க ஒரே நேரத்தில் கிளப்பின் மேல் விழுந்தது. உனாய் எமரி 18 மாதம் தாங்கினார். அதற்குப் பிறகு எட்டாவது இடம், மறுபடி எட்டாவது இடம். எமரிக்குப் பின் வந்த மிக்கேல் அர்டெட்டா 2021 ஆகஸ்டில் முதல் மூன்று லீக் ஆட்டமும் தோற்று, ஒரு கோலும் போடாமல், ஒன்பது வாங்கி, பட்டியலின் அடியில் நின்றபோது கிளப் அவரைத் தொடவில்லை. அந்த சீசனில் ஐந்தாவது, அடுத்த மூன்று சீசனிலும் இரண்டாவது. அன்று அவரை நீக்கச் சொல்லி எழுதியவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை.

பொறுமைக்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துவரும் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஃபெர்குசன் கதையை நான் வேண்டுமென்றே ஒதுக்குகிறேன். 1990 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில் மார்க் ராபின்ஸ் கோல் போடாவிட்டால் அவர் போயிருப்பார் என்பது பாதி புராணம். அப்போது அவர் மூன்று வருஷ ஆள்தான், நெடுநாள் பயிற்சியாளரே இல்லை. தவிர, பொறுமையாக வைத்திருந்து உருப்படாமல் போன நூறு பேரை யாரும் கதையாகச் சொல்வதில்லை. அவரிடமிருந்து நமக்குப் பயன்படுவது 2013தான். 26 வருஷம் இருந்தவரும் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் ஒரே கோடையில் போனார்கள். அடுத்து வந்த டேவிட் மோய்ஸ் பத்து மாதத்தில் வீட்டுக்கு.

கடினமான வழக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று ஆகும். உருகுவேயின் ஆஸ்கர் டபாரெஸ். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2006இல் இரண்டாம் முறையாகத் தேசிய அணிக்கு வந்தார். அதற்கு முன் உருகுவே 1994, 1998, 2006 மூன்று உலகக் கோப்பைகளுக்கும் தகுதி பெறவில்லை. முப்பத்தைந்து லட்சம் பேர் உள்ள நாட்டில், பதினைந்து வயசுப் பையன்களிலிருந்து மூத்த அணி வரை ஒரே திட்டம், ஒரே ஒழுங்கு என்று கட்டினார். 2010 உலகக் கோப்பையில் நாலாவது இடம், 2011இல் கோபா அமெரிக்கா. பிறகு நரம்பு நோய் வந்து ஊன்றுகோலோடு எல்லைக்கோட்டில் நின்றார். 2021 அக்டோபரில் அர்ஜென்டினாவிடம் 3-0, பிரேசிலிடம் 4-1. சங்கம் அவரை நீக்கவில்லை, நவம்பரின் இரண்டு ஆட்டம் வரை வைத்துக்கொண்டது. மறுபடி அர்ஜென்டினாவிடம் 1-0, மூச்சு முட்டும் உயரத்தில் இருக்கும் லா பாஸில் பொலிவியாவிடம் 3-0. நவம்பர் 19ஆம் தேதி அவரை நீக்கினார்கள். 15 வருஷத்தை இரண்டு ஆட்டத்தில் நிறுத்துப் பார்த்தார்கள்.

அடுத்து வந்த டியேகோ அலோன்சோ மீதமிருந்த நாலு ஆட்டத்தையும் ஜெயித்து கத்தாருக்கு அணியைக் கொண்டுபோனார். எனவே நீக்கியது சரி என்று வாதாடலாம். தேசிய அணிக்கு அடுத்த சீசன் என்று ஒன்று கிடையாது, நாலு வருஷம் காத்திருக்க வேண்டும், அதனால் அங்கே கணக்கு வேறு என்பதையும் ஏற்கிறேன். கத்தாரில் அதே அலோன்சோவின் அணி முதல் சுற்றோடு வெளியேறியது. எனக்கு வருத்தம் அவரை நீக்கியதில்கூட இல்லை. பதினைந்து வருஷமாக அவர் வளர்த்த அந்த அமைப்பிலிருந்து அடுத்தவரை அடையாளம் காண 2018 உலகக் கோப்பை முடிந்த கையோடு உட்கார்ந்திருக்கலாம். அப்போது அவருக்கு வயசு 71, நோய் எல்லோருக்கும் தெரிந்தது, காலிறுதி வரை போன பெருமையோடு அணி திரும்பியிருந்தது. நல்ல காலத்தில் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. கெட்ட காலத்தில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த முறை நம் அணி தொடர்ந்து தோற்கும்போது, ஸ்கோரைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, எண்பதாவது நிமிஷத்துக்கு மேல் பையன்கள் எப்படி ஓடுகிறார்கள் என்று பாருங்கள். பந்து பறிபோனதும் திரும்பி ஓடுகிறார்களா, இடுப்பில் கை வைத்து நிற்கிறார்களா? கேலரியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு டிவியில் தெரியாத இது கண்முன்னால் தெரியும். முதல் பதினொன்றில் போன வருஷம் ரிசர்வில் ஆடிய பையன் யாராவது வந்திருக்கிறானா என்று பாருங்கள். ஐந்து வருஷமாக இருக்கும் பயிற்சியாளர் ஒரு உள்ளூர்ப் பையனைக்கூட வளர்த்தெடுக்கவில்லை என்றால், அவர் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே என்னிடம் வந்து சொல்லுங்கள், நானும் உங்களோடு குரல் கொடுக்கிறேன். நல்ல ஸ்ட்ரைக்கரை விற்றுவிட்டு மாற்று வாங்காத நிர்வாகத்தின் பாவத்தை அவர் தலையில் மட்டும் இறக்காதீர்கள்.

பதாகை எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை, அதில் எழுதும் வாசகத்தை மாற்றுங்கள் என்கிறேன். கோச் பெயருக்குப் பதில் நிர்வாகத்தைக் கேளுங்கள்: இவருடைய வேலையை வருஷா வருஷம் யார் மதிப்பிடுகிறார்கள்? ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? இவர் போனால் அடுத்து யார், அவர் இப்போது கிளப்புக்குள் இருக்கிறாரா? முடிவை சீசன் முடிந்து எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள்? கோப்பை ஜெயித்த வருஷத்திலும் இதே கேள்விகளை, அதே சத்தத்தில், கொண்டாட்டத்துக்கு நடுவிலேயே கேளுங்கள். அன்றைக்குக் கேட்பதுதான் கஷ்டம்.

அடுத்த சீசன் நேரு ஸ்டேடியத்தில் நம் முதல் ஆட்டத்துக்கு நானும் வருகிறேன். அந்தப் பதாகையை எழுத ஆள் வேண்டுமென்றால் தூரிகையோடு வருகிறேன்.

அன்புடன்,
கேலரியில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரன்